நிறம் கோப்பில் இல்லை: ஜிஐஎஸ் வரைபடத்தின் தோற்ற அமைப்புகள், ஓர் எளிய அறிமுகம்

ஜிஐஎஸ், அதாவது இடம் சார்ந்த தகவல்களை வரைபடமாகக் கையாளும் மென்பொருளைப் புதிதாகக் கற்பவர்களில் பலருக்கு இது ஒருமுறையாவது நடந்திருக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வரைபடத்தை அழகாக்கியிருப்பார்கள். ஆறு நீலமாக ஓடும், காடு பச்சையாக இருக்கும், பெரிய சாலை தடிமனாகவும் சின்னச் சாலை மெல்லியதாகவும் தெரியும். அதன் தரவு இருக்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பை நண்பருக்கு அனுப்புவார்கள். அவர் திறந்து பார்த்தால் ஆறு ஆரஞ்சு, காடு ஊதா, சாலைகள் எல்லாம் ஒரே மாதிரி மெல்லிய கோடு. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயம் வந்துவிடும்.

எதுவும் கெடவில்லை. ஷேப்ஃபைலுக்குள் நிறம் என்ற ஒன்றே கிடையாது. அதில் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒவ்வொரு வடிவமும் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் ஆயத்தொலைவுகள் ஒன்று. அந்த வடிவங்களைப் பற்றிய விவரங்கள் வரிசை வரிசையாக இருக்கும் பண்பு அட்டவணை மற்றொன்று. என்ன நிறம், எவ்வளவு தடிமன், பெயர் எழுத வேண்டுமா, எந்த எழுத்துருவில் என்பதெல்லாம் வேறு இடத்தில், மென்பொருளின் திட்டக் கோப்பில் இருக்கின்றன. தோற்றம் எதுவும் சொல்லப்படாத அடுக்கு ஒன்று வந்தால், கியூஜிஐஎஸ் என்ற இலவச ஜிஐஎஸ் மென்பொருள் தானாகவே ஏதோ ஒரு நிறத்தைப் பூசிக் காட்டும். நண்பர் பார்த்தது அந்த நிறத்தைத்தான்.

தரவு வேறு, தோற்றம் வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம். சாலைகளின் ஒரே தரவை வண்டி ஓட்டுபவருக்காக ஒரு விதமாகக் காட்டலாம், எந்தச் சாலையைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பார்ப்பவருக்காக இன்னொரு விதமாகக் காட்டலாம். தரவில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் பார்ப்பவர் மனதில் பதியும் செய்தி முற்றிலும் மாறிவிடும். அதனால்தான் தோற்ற அமைப்புகளை வெறும் அலங்காரமாக நினைக்கக்கூடாது என்கிறேன். மென்பொருள் தானாகத் தேர்ந்துவைத்திருக்கும் ஒவ்வொரு அமைப்பும், உங்கள் வரைபடத்தைப் பார்த்தே இராத ஒருவர் எடுத்த முடிவு. அதை ஏற்கலாம், மாற்றலாம். ஆனால் அப்படி ஒரு முடிவு அங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுக்கின் வரிசையும் குறியீட்டின் வகையும்

வரைபடம் அடுக்குகளால் ஆனது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல. பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே வரும். எனவே பரப்புகள் அடியிலும், கோடுகள் அதற்கு மேலும், புள்ளிகள் எல்லாவற்றுக்கும் மேலும் இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். செயற்கைக்கோள் படம் போன்ற ராஸ்டர் அடுக்கைத் தெரியாமல் மேலே இழுத்துவிட்டால் மற்ற அனைத்தும் மறைந்துவிடும். "தரவு வரவில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வரிசைப் பிரச்சினைதான்.

ஓர் அடுக்கின் பண்புகளைத் திறந்து குறியீட்டுப் பகுதிக்குப் போனால், கியூஜிஐஎஸ்ஸில் நாம் அடிக்கடி பயன்படுத்தும் வகைகள் நான்கு. எல்லா வடிவங்களுக்கும் ஒரே குறியீடு என்பது முதல் வகை. இரண்டாவது, அட்டவணையில் உள்ள ஒரு பெயரை வைத்துப் பிரிப்பது: காடு, வயல், நீர்நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மூன்றாவது, ஓர் எண்ணை வைத்துப் படிப்படியாகக் காட்டுவது: குறைவு வெளிராக, அதிகம் அடர்த்தியாக. நான்காவது, நிபந்தனை எழுதுவது: அகலம் 20 மீட்டருக்கு மேல் இருக்கிற, தார் போட்ட சாலை மட்டும் இப்படித் தெரியட்டும் என்பது போல. தொடக்கத்தில் நான்காவதைத் தொடவே வேண்டாம். முதல் மூன்றில் தேர்ச்சி வந்தபின் அதன் தேவை தானாகவே தெரியும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வதுதான் ஆரம்பத்தில் நடக்கும் பெரிய தவறு. பிரெஞ்சு வரைபட அறிஞர் ழாக் பெர்த்தேன் 1967-ல் இதை முறையாக வகுத்துச் சொன்னார். வடிவம், நிறம், அளவு, சாயலின் அடர்த்தி, திசை என்று கண்ணுக்குத் தெரியும் மாறுபாடுகள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்குத்தான் பொருந்தும். சிவப்பும் நீலமும் "இது வேறு, அது வேறு" என்று மட்டுமே சொல்லும். எது பெரியது என்று சொல்லாது. வெளிர் நீலமும் கருநீலமும் "இது குறைவு, அது அதிகம்" என்று சொல்லும். மண் வகைகளை வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை காட்டினால், ஒரு மண் இன்னொன்றைவிட "அதிகம்" என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். மழை அளவைச் சிவப்பு, பச்சை, ஊதா என்று காட்டினால், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிவிளக்கத்தை ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

பத்து எண்கள், மூன்று வரைபடங்கள்

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். எண்களை நிறங்களாக மாற்றும்போது அவற்றை வகுப்புகளாகப் பிரிக்கிறோம். எப்படிப் பிரிக்கிறோம் என்பதே வரைபடத்தின் பாதி.

பத்துப் பகுதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மதிப்புகள்: 2, 3, 4, 5, 6, 8, 9, 11, 14, 98. ஐந்து நிறங்களில் காட்ட வேண்டும்.

சம இடைவெளி முறை, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரையுள்ள தூரத்தை ஐந்தாக வெட்டும். 98-லிருந்து 2 போனால் 96. ஐந்தால் வகுத்தால் 19.2. முதல் வகுப்பு 2 முதல் 21.2 வரை. ஒன்பது பகுதிகள் அதிலேயே விழுந்துவிடும். கடைசி வகுப்பில் ஒரே ஒரு பகுதி. நடுவில் உள்ள மூன்று நிறங்களுக்கு ஆளே இல்லை. வரைபடம் முழுக்க வெளிர் நிறம், ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு.

சம எண்ணிக்கை முறை, ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பகுதிகள் வருமாறு பிரிக்கும். வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், ஐந்து நிறங்களும் சமமாகப் பரவியிருக்கும். ஆனால் கடைசி வகுப்பைப் பாருங்கள்: 14-ம் 98-ம் ஒரே நிறத்தில். ஏழு மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

மூன்றாவது, இயற்கை இடைவெளி முறை. அமெரிக்க வரைபட அறிஞர் ஜார்ஜ் ஜென்க்ஸ் பெயரால் ஜென்க்ஸ் முறை என்றும் சொல்வார்கள். எண்கள் எங்கே கொத்தாக நிற்கின்றன, எங்கே இடைவெளி விடுகின்றன என்று பார்த்து, ஒரு வகுப்புக்குள் இருப்பவை முடிந்தவரை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்குமாறு வெட்டும். இங்கே 98 தனியாக நிற்கும், மற்ற ஒன்பதும் நான்கு வகுப்புகளாகப் பிரியும். நல்ல முறைதான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு: வெட்டும் இடங்கள் அந்தத் தரவுக்கு மட்டுமே உரியவை. அடுத்த ஆண்டின் தரவைப் போட்டால் வேறு இடங்களில் வெட்டும். இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே கருநீலம் இரண்டிலும் வேறு வேறு எண்ணைக் குறிக்கும். ஒப்பிட வேண்டிய வரைபடங்களுக்கு வகுப்பின் எல்லைகளை நீங்களே கையால் எழுதி, எல்லாவற்றுக்கும் ஒன்றையே வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மூன்று வரைபடங்களும் பொய் சொல்லவில்லை. "ஓர் இடம் மட்டும் மிகவும் விலகி நிற்கிறது" என்பது செய்தி என்றால் முதலாவது சரி. "இந்தப் பத்தில் யார் எந்த இடத்தில்" என்பது கேள்வி என்றால் இரண்டாவது சரி. எனவே முறையைத் தேர்வதற்கு முன் எண்களின் பரவலைப் பாருங்கள். கியூஜிஐஎஸ்ஸில் அதே சாளரத்திலேயே அந்தப் பரவலைக் காட்டும் பட்டைப்படமும் (ஹிஸ்டோகிராம்) கிடைக்கும். இரண்டு நிமிட வேலை.

வகுப்புகள் எத்தனை? ஐந்து போதும். ஏழைத் தாண்டினால், குறிவிளக்கத்தில் உள்ள சாயலையும் படத்தில் உள்ள சாயலையும் பொருத்திப் பார்க்கக் கண் தடுமாறும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பரப்புகளுக்கு நிறம் பூசும்போது வெறும் எண்ணிக்கையைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு பகுதியில் 5,000 பேர், பரப்பு 500 சதுர கிலோமீட்டர். இன்னொன்றில் 1,000 பேர், பரப்பு 10 சதுர கிலோமீட்டர். எண்ணிக்கையைக் காட்டினால் முதல் பகுதிதான் அடர்நிறம், அதுவும் பெரிய பரப்பு வேறு, படத்தையே ஆக்கிரமித்துவிடும். அடர்த்தியைக் காட்டினால் முதலாவதில் சதுர கிலோமீட்டருக்கு 10 பேர், இரண்டாவதில் 100. கதையே தலைகீழ். எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டும் என்றால் வட்டங்களைப் பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு கவனம் தேவை: மதிப்பு நான்கு மடங்கு என்பதற்காக விட்டத்தை நான்கு மடங்காக்கினால் வட்டத்தின் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பைத்தான். "பரப்புக்கு ஏற்ப" என்ற தேர்வு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறங்களைத் தேர்வது

நிறத்தில் ரசனை வேறுபடலாம், ஆனால் சில விஷயங்களில் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சிந்தியா ப்ரூவர் உருவாக்கிய கலர்ப்ரூவர் நிறத்தொகுப்புகள் இன்று பல ஜிஐஎஸ் மென்பொருட்களில் உள்ளேயே வருகின்றன. அவை மூன்று வகை: குறைவிலிருந்து அதிகத்துக்குப் போகும் ஏறுவரிசை நிறங்கள், நடுவில் ஒரு பொருளுள்ள புள்ளி வைத்து இரு பக்கமும் விரியும் நிறங்கள், வேறுபாட்டை மட்டும் காட்டும் நிறங்கள். சராசரியைவிட மழை கூடியதா குறைந்ததா என்பதற்கு இரண்டாவது வகை பொருந்தும். நடுநிறம் சரியாகப் பூஜ்ஜியத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வானவில் நிறவரிசையைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். நீலத்தைவிடப் பச்சை அதிகமா குறைவா என்று கண்ணுக்கு இயல்பாகத் தெரியாது. நடுவில் வரும் மஞ்சள் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருப்பதால், அங்கே ஒன்றும் விசேஷம் இல்லாதபோதும் பார்வை அங்கேதான் போகும். அதற்குப் பதிலாக விரிடிஸ் போன்ற வரிசைகள் இருக்கின்றன. கருநீல ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சள் வரை வெளிச்சம் சீராகக் கூடிக்கொண்டே போகும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் வரிசை குலையாது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது. வேறு மக்களிடையே விகிதம் சற்று மாறும், ஆனால் எங்கும் இருக்கிறது. "பச்சை என்றால் பாதுகாப்பு, சிவப்பு என்றால் ஆபத்து" என்று வெள்ள அபாய வரைபடம் போட்டால், யாருக்கு அது மிகவும் தேவையோ அவருக்கே புரியாமல் போகலாம். கியூஜிஐஎஸ்ஸில் நிறக்குறைபாடு உள்ளவருக்குப் படம் எப்படித் தெரியும் என்று காட்டும் முன்னோட்டம் இருக்கிறது. ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் வெளியே அனுப்பாதீர்கள்.

ராஸ்டருக்குத் தனி வழி

உயரத் தரவு, வெப்பநிலை, செயற்கைக்கோள் படம் போன்றவை கட்டம் கட்டமாக எண்களைக் கொண்டவை. எந்த எண் கறுப்பு, எந்த எண் வெள்ளை என்று மென்பொருள் தீர்மானிக்க வேண்டும். இதில் இரண்டு பொறிகள்.

முதலாவது, தரவில்லாத கட்டங்கள். அந்த இடங்களில் -9999 போன்ற ஓர் எண்ணைப் போட்டுவைப்பது வழக்கம். அது "தரவு இல்லை" என்று மென்பொருளுக்குச் சொல்லப்படாவிட்டால், கடலுக்கு அடியில் 9,999 மீட்டர் ஆழம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நான் முதன்முதலில் திறந்த உயரப் படம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. தரவு மோசம் என்று நினைத்து வேறு கோப்பு தேடி ஒரு நாளைக் கழித்தேன். காரணம் அந்த ஒரே எண்தான். அதை விலக்கியதும் மலைகள் எழுந்து நின்றன.

இரண்டாவது, நிறத்தின் எல்லைகளை முழுப் படத்திலிருந்து எடுப்பதா, திரையில் தெரியும் பகுதியிலிருந்து எடுப்பதா என்ற தேர்வு. இரண்டாவதைத் தேர்ந்தால், படத்தை நகர்த்த நகர்த்த நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பள்ளத்தாக்கை உன்னிப்பாகப் பார்க்க இது உதவும். மற்றவருக்குக் காட்டும் வரைபடத்தில் இது கூடாது.

மலைநிழல் என்ற அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உயரத் தரவின்மேல் ஒரு கற்பனைச் சூரியனை நிறுத்தி, எங்கே வெளிச்சம் விழும், எங்கே நிழல் விழும் என்று கணக்கிடுவார்கள். அந்தச் சூரியன் வழக்கமாக வடமேற்கில், 315 டிகிரியில், தரையிலிருந்து 45 டிகிரி உயரத்தில் இருக்கும். பூமியின் வடபாதியில் பெரும்பாலான இடங்களில் நண்பகல் சூரியன் தெற்கேதான் இருக்கும், அப்புறம் ஏன் வடமேற்கு? வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் கண் எப்போதும் எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தில் மேல் என்பது வடக்கு. சூரியனை 135 டிகிரிக்கு, அதாவது தென்கிழக்குக்கு மாற்றிப் பாருங்கள்: பலருக்கு மலைத்தொடர் பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் தெரியும். ஓர் எண்ணை மாற்றியதற்கே நிலம் புரண்டுவிடுகிறது. மலைநிழலின்மேல் நிறப்படத்தை வைத்து, கலக்கும் முறையைப் "பெருக்கல்" என்று மாற்றினால் நிறமும் மேடுபள்ளமும் சேர்ந்து தெரியும். வெறுமனே பாதி ஊடுருவித் தெரியுமாறு வைப்பதைவிட இது எவ்வளவோ தெளிவு, நிறம் வெளுத்துப்போகாது.

எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம்

காகித வரைபடத்துக்கு அளவை, அதாவது நிலத்தின் தூரம் எத்தனை மடங்கு சுருக்கப்பட்டிருக்கிறது என்பது, ஒன்றுதான். திரையில் உருட்டினால் மாறிக்கொண்டே இருக்கும். வலை வரைபடங்களில் பொதுவாக மிகவும் விலகிய நிலையில் உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலமுள்ள ஒரே சதுரத்தில் அடங்கும். ஒவ்வொரு படி நெருங்கும்போதும் சதுரங்கள் நான்கு மடங்காகும்: 1, 4, 16, 64. பத்தாவது படியில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். முதல் படியில் தெருப் பெயர்களைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால்தான் ஒவ்வோர் அடுக்குக்கும் "இந்த அளவையிலிருந்து இந்த அளவை வரை மட்டும் தெரியட்டும்" என்று சொல்லும் வசதி இருக்கிறது.

இங்கே எல்லோரும் தடுமாறும் ஒன்று: 1:10,000 என்பது பெரிய அளவை, 1:10,00,000 என்பது சிறிய அளவை. பின்னமாகப் பாருங்கள், குழப்பம் தீரும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு, பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடப் பெரியதல்லவா?

கோட்டின் தடிமனுக்கு மில்லிமீட்டரா, நிலத்தின் மீட்டரா என்ற அலகுத் தேர்வும் இதைச் சார்ந்ததே. மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு நெருங்கினாலும் கோடு ஒரே தடிமன். மீட்டர் என்றால் நெருங்க நெருங்கத் தடிக்கும். சாலையின் உண்மையான அகலம் முக்கியம் என்றால் மீட்டர். மற்றபடி மில்லிமீட்டரே போதும்.

பெயர் எழுதுவது பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், சுருக்கமாக ஒன்று மட்டும். புள்ளிக்கு வலப்பக்கம் சற்று மேலே எழுதினால் படிக்க எளிது. பின்னணியில் எழுத்து மூழ்கிப்போனால், எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு வையுங்கள். கியூஜிஐஎஸ் இந்த விளிம்பை பஃபர் என்று அழைக்கிறது. ஒரு வடிவத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குப் பரப்பு உருவாக்கும் பஃபர் கருவிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிறருக்கு எந்தத் தேர்வுகளைக் கொடுப்பது

வரைபடத்தை வலையில் வைத்து, மற்றவர்கள் தாங்களே மாற்றிப் பார்க்கும்படி செய்வதாக இருந்தால் கேள்வி மாறுகிறது. உங்களிடம் இருக்கும் எல்லா அமைப்புகளையும் அவர்களிடம் கொட்டிவிடத் தோன்றும். வேண்டாம். பார்வையாளர் உங்கள் தரவை அறியாதவர். அவருக்கு எந்தக் கேள்வி எழும் என்று யோசித்து, அதற்கான பொத்தானை மட்டும் கொடுங்கள். அடுக்குகளை அணைக்கவும் போடவும் ஒரு பட்டியல், பின்னணியைச் சாதாரண வரைபடமாகவோ செயற்கைக்கோள் படமாகவோ மாற்ற ஒரு பொத்தான், மேலடுக்கு எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் இழுவை. பலருக்கு இவ்வளவே போதும். வகுப்புகளைப் பிரிக்கும் முறையை அவர் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பத்து எண்களை நினைத்துப் பாருங்கள்: பரவலைப் பார்க்காத ஒருவர் அதை மாற்றினால், தனக்குத் தெரியாமலே வேறொரு செய்தியைப் படித்துவிட்டுப் போவார். அடுக்கு அணைந்தால் குறிவிளக்கத்தில் அதன் வரியும் மறைய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சரி, நண்பருக்கு அனுப்பிய அந்தக் கோப்பு. கியூஜிஐஎஸ்ஸில் அடுக்கின் பண்புகளுக்குள் தோற்றத்தைச் சேமிக்கும் வசதி இருக்கிறது. சேமித்தால் கியூஎம்எல் என்ற சிறு கோப்பு கிடைக்கும். அதற்கு ஷேப்ஃபைலின் பெயரையே வைத்து, அதே கோப்புறையில் போட்டு அனுப்புங்கள். கியூஜிஐஎஸ்ஸில் திறக்கும்போது நிறங்கள் தானாக வந்துவிடும். அவர் வேறு மென்பொருள் பயன்படுத்துபவர் என்றால், பல மென்பொருட்களும் படிக்கக்கூடிய எஸ்எல்டி வடிவில் சேமிக்கலாம். நுணுக்கமான சில அமைப்புகள் அதில் விடுபட்டுப்போகும், அடிப்படை நிறங்கள் பெரும்பாலும் சேரும். ஷேப்ஃபைலையே விட்டுவிட்டு ஜியோபேக்கேஜுக்கு மாறினால் இன்னும் வசதி. தரவையும் தோற்றத்தையும் ஒரே கோப்புக்குள் வைத்து அனுப்பலாம். உள்ளே அவை அப்போதும் தனித்தனி அட்டவணைகளில்தான் இருக்கும்.